லிஸ்பன் ஆற்றுப்படை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வழிகாட்டுதல் தமிழ்க் கவிதைக்குப் பழந்தொழில். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனை நிறுத்தி, இவ்வழியே செல்க, இன்ன ஊரில் தங்குக, இன்ன உணவு கிடைக்கும், இன்னாரைக் காண்க என்று சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் மறையவன் ஒருவன் கோவலனுக்கு விரித்துரைக்கிறான். வழியின் அருமையையும் அச்சத்தையும் ஒருங்கே சொல்வது அவ்வுரையின் சிறப்பு.

இத்தொழில் இன்று ஐரோப்பிய நகரங்களில் புதியதோர் ஊர்தியில் ஏறி அமர்ந்திருக்கிறது. மின்மிதிவண்டியில் ஏழெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு, மூன்று மணி நேரத்தில் ஒரு பழம்பெரும் நகரைக் காட்டிவிடும் வழிகாட்டிகள் ஊர்தோறும் இருக்கிறார்கள். போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் இவ்வழக்கம் நன்கு வேரூன்றியிருக்கிறது. கடலோடிகளின் நகரம் அது. கவிஞர்களின் நகரமும் கூட. அந்நகரில் இத்தகைய நகர்வலம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் கடக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். கடக்கப்படும் இடங்களுள் ஒன்றில் தமிழுக்கும் பங்குண்டு.

மேடும் மின்னும்

லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் அமைந்தது என்பது மரபு. குன்றுகளின் எண்ணிக்கையைப் பற்றி ஐயம் கொள்வோர் உண்டு. ஏற்றத்தைப் பற்றி ஐயம் கொள்வோர் இல்லை. தெருக்கள் படிக்கட்டுகளாக மாறுகின்றன. படிக்கட்டுகள் சந்துகளாகக் குறுகுகின்றன. இந்த மேடுகளை வெல்வதற்காகவே 1884ஆம் ஆண்டு முதல் கம்பிவடத்தில் இழுபடும் வண்டிகள் அங்கே ஓடத் தொடங்கின. 1901இல் மின்சார டிராம் வந்தது. 1902இல் சாந்தா ஜுஷ்தா என்னும் இரும்புத் தூக்கிக் கோபுரம் தாழ்ந்த நகரையும் உயர்ந்த நகரையும் இணைத்தது. மேட்டை வெல்லும் முயற்சி எப்போதும் இடரின்றி நடந்துவிடவில்லை. 2025 செப்டம்பர் 3ஆம் நாள், 1885 முதல் ஓடிவந்த குளோரியா கம்பிவட வண்டி, வடம் பிரிந்து சரிவில் பாய்ந்து கவிழ்ந்தது; பதினாறு உயிர்கள் மாண்டன. அந்நகரின் சரிவுகள் அழகுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

மின்மிதிவண்டி இவ்வரிசையில் இளையது. அதன் இயல்பை ஒரு சொல்லில் விளக்கலாம். மிதிப்பவனுக்கே அது துணைசெய்யும். கால் மிதியை அழுத்தியதும் உணர்கருவி அதை அறிந்து மோட்டாருக்குச் சொல்கிறது. மின்கலத்தின் ஆற்றல் சக்கரத்தைச் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சாதாரண மிதிவண்டியாகவே கருதப்படும் இவ்வகை வண்டியின் மோட்டார் 250 வாட் திறனுக்கு மேற்படலாகாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் மோட்டாரின் துணை நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் துணை நின்றுவிடும். சோம்பியிருப்பவனை அது சுமந்து செல்வதில்லை.

நல்ல உரையாசிரியனின் இயல்பும் இதுதான் என்பதை இலக்கிய வட்டத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. மூலத்தைப் படிக்க முனைபவனுக்கே உரை உதவும். நகரம் என்னும் நூலுக்கு வழிகாட்டி உரையாசிரியன். எந்த அடிக்கு விரிவாக உரை எழுதுவது, எந்த அடியைப் ‘பொருள் வெளிப்படை’ என்று கடந்து செல்வது என்பது அவன் கையில் இருக்கிறது. சக்கரம் எங்கே நிற்கிறதோ அங்கே வரலாறு பேசுகிறது. எங்கே நிற்கவில்லையோ அங்கே வெறும் சுவர்தான் தெரிகிறது.

குன்றின்மேல்

நகர்வலம் பெரும்பாலும் சாவ் ஜோர்ஜ் கோட்டைக் குன்றை நோக்கிப் புறப்படுகிறது. வழிகாட்டி முதலில் ஒன்றை வற்புறுத்திச் சொல்வார். டிராம் தண்டவாளத்தை ஒட்டி ஓட்டலாகாது. அதைக் குறுக்காக, கூடியவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். இல்லையேல் சக்கரம் பள்ளத்தில் சிக்கி ஆளைக் கவிழ்த்துவிடும். வெண்சுண்ணக்கல்லும் கருங்கல்லும் சிறுசிறு துண்டுகளாகப் பதிக்கப்பெற்ற நடைபாதைகள் மழை பெய்தால் வழுக்கும். ஆற்றுப்படை பாடிய புலவன் காட்டாற்றையும் கவலை வழியையும் குறித்து எச்சரித்ததற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை.

கால் நோகாமல் குன்றேறிய பயணிக்கு மூச்சு எஞ்சியிருக்கிறது. ஆகவே கேட்கச் செவியும் எஞ்சியிருக்கிறது. மின்வண்டியின் உண்மையான நன்மை இதுவே. கோட்டை மதில்மேல் நின்று பார்த்தால், கீழே செவ்வோட்டுக் கூரைகளும், அப்பால் கடல் என்று மயங்கத்தக்க அகலமுடைய தேஜு ஆறும் தெரியும். 1147இல் மன்னன் அஃபோன்சோ ஹென்றிக்கஸ், வடநாட்டுச் சிலுவைப் போர்வீரர்களின் துணையோடு முற்றுகையிட்டு, முஸ்லிம்களிடமிருந்து இந்நகரைக் கைப்பற்றினான். இவ்வரலாற்றை வைத்து ஹோசே சரமாகோ 1989இல் ‘லிஸ்பன் முற்றுகையின் வரலாறு’ என்னும் நாவலை எழுதினார். மெய்ப்புத் திருத்துவோன் ஒருவன், அச்சுக்குப் போகும் வரலாற்று நூலில் ‘இல்லை’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லைச் செருகிவிடுகிறான். சிலுவைப் போர்வீரர்கள் மன்னனுக்கு உதவவில்லை என்று வரலாறு மாறிவிடுகிறது. சேர்க்கும் ஒரு சொல்லும் விடும் ஒரு சொல்லும் ஒரு நகரின் வரலாற்றை மாற்றவல்லவை என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடைப்பது அரிது.

கோட்டையின் அடிவாரத்தில் அல்ஃபாமா. வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மன்னர்கள் மாறினர், மதம் மாறிற்று, பெயர் மாறவில்லை. கொடியில் உலரும் துணிகளும், மீன் வறுக்கும் மணமும், ஃபாதோ என்னும் துயரப் பாடலும் அத்தெருக்களுக்கு உரியவை. சந்துகளில் வண்டியை இறங்கித் தள்ளியே செல்ல வேண்டியிருக்கும். மோட்டாருக்கு அங்கே வேலையில்லை. பயணியர் பெருக்கத்தால் வீடுகள் பல விடுதிகளாக மாறி, வாடகை உயர்ந்து, வழிவழியாக வாழ்ந்த குடிகள் வெளியேறி வருவதையும் அச்சந்துகளிலேயே காணலாம். காட்டப்படும் ஊர், காட்டப்படுவதாலேயே தேய்வதும் உண்டு.

இடிந்த நகரும் எழுந்த நகரும்

குன்றிறங்கினால் பைஷா என்னும் தாழ்நகரம். அல்ஃபாமாவின் கோணல்மாணலுக்குப்பின் அங்கே கோடு கிழித்தாற்போல் நேரான தெருக்கள். இந்த மாற்றத்தின் காரணம் ஒரு காலைப்பொழுது. 1755 நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவரின் திருநாள், மக்கள் கோயில்களில் திரண்டிருந்த வேளையில், ஒன்பதரை மணியளவில் நிலம் நடுங்கியது. இடிபாடுகளுக்கு அஞ்சி ஆற்றங்கரைத் திறந்தவெளிக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை வாரிச் சென்றது. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவத்திகளும் அடுப்புகளும் மூட்டிய தீ நாள்கணக்கில் எரிந்தது. பல்லாயிரவர் மாண்டனர். ஆற்றங்கரை அரண்மனையும், எழுபதாயிரம் நூல்கள் கொண்டதாகச் சொல்லப்படும் அரச நூலகமும், கீழைநாட்டு வணிகத்தின் கணக்குகளைக் காத்துவந்த இந்திய மாளிகையும் அழிந்தன.

அமைச்சர் பொம்பால் நகரை மீண்டும் கட்டினார். கட்டடங்களின் சுவருக்குள் மரச்சட்டங்களால் கூண்டு அமைத்து, நில அதிர்வைத் தாங்கச் செய்தனர். தெருக்களுக்குத் தொழிலாளர் பெயர்களையும் பண்டங்களின் பெயர்களையும் இட்டனர்: பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு, பொன்முலாம் பூசுவோர் தெரு. அரண்மனை நின்ற இடம் இன்று ‘வணிகச் சதுக்கம்’. மக்களோ அதை இன்னும் ‘அரண்மனைத் திடல்’ என்றே அழைப்பதுண்டு. இல்லாத அரண்மனை சொல்லில் வாழ்கிறது.

பூம்புகாரைக் கடல் கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் உள்ளத்திற்கு இந்த இடம் அயலாகத் தோன்றாது. அழிவு நேர்ந்த மறு ஆண்டே வால்டேர் அதைப் பற்றி நெடும்பாடல் ஒன்றை வெளியிட்டார். இறைவன் படைத்த உலகம் எல்லாம் நன்மைக்கே என்ற கொள்கையை அப்பாடல் கேள்விக்கு உள்ளாக்கியது. ஐரோப்பியச் சிந்தனையின் போக்கில் அதன் தடம் பதிந்தது. நில அதிர்ச்சிக்குக் கவிஞன் ஒருவன் சொன்ன மறுமொழி அது.

தாழ்நகரின் வடகோடியில் சாவ் தொமிங்கோஸ் கோயில். 1959இல் தீக்கிரையாகி, கருகிய தூண்களை மறைக்காமலே திரும்பவும் திறக்கப்பெற்றது. அக்கோயிலின் முன்றிலில் ஒரு நினைவுக்கல் உண்டு. 1506 ஏப்ரலில், வலிந்து மதம் மாற்றப்பட்ட யூதர்களைக் கும்பல் ஒன்று மூன்று நாள் வேட்டையாடிக் கொன்றது. அக்கொலைகளை நினைவுகூரும் அந்தக் கல் 2008இல்தான் நாட்டப்பெற்றது. ஒரு நகரம் தன் குற்றத்தைக் கல்லில் எழுத ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. அக்கல்லின் அருகில் வண்டியை நிறுத்தும் வழிகாட்டியும் உண்டு. இரு வீடு தள்ளிக் கிடைக்கும் செர்ரி மதுவின் சுவையைச் சொல்லிக் கடப்பவரும் உண்டு. உரையாசிரியரின் தரம் இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் கார்மோ மடம். 1755இல் இடிந்த அதன் கூரையை அப்படியே விட்டுவிட்டார்கள். வளைவுகளுக்கு மேலே வானம். அம்மடத்தின் முன்னுள்ள திடலில்தான் 1974 ஏப்ரல் 25ஆம் நாள், அரை நூற்றாண்டு நெருங்கிய கொடுங்கோலாட்சி பணிந்தது. அப்புரட்சிக்குக் குறிப்புச் சொல்லாக அமைந்தது வானொலியில் நள்ளிரவு கடந்து ஒலித்த ஒரு பாடல்: ஹோசே அஃபோன்சோவின் ‘கிராந்தோலா’. படைவீரர்களின் துப்பாக்கி முனைகளில் மக்கள் செம்மலர்களைச் செருகினர். பாடலால் என்ன ஆகும் என்று கவிஞரைக் கேட்போர்க்கு விடை சொல்ல அந்தத் திடல் போதும்.

கவிஞன் எழுதிய வழிகாட்டி

கார்மோவிலிருந்து சில நிமிடத் தொலைவில் ஷியாதோ. அங்கே ஒரு காப்பிக்கடையின் முன், வெண்கல மேசையருகே வெண்கல மனிதர் ஒருவர் 1988 முதல் அமர்ந்திருக்கிறார்; அவர் ஃபெர்னாந்தோ பெசோவா. பயணியர் அவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலை வைத்த நூறாண்டுக்கு முன், 1888இல், அருகிலுள்ள சாவ் கார்லோஸ் திடலில் அவர் பிறந்தார். 1935இல் அதே நகரில் மறைந்தார். வணிக நிறுவனங்களுக்கு அயல்மொழிக் கடிதங்கள் எழுதிப் பிழைத்தார். போர்த்துகீசிய மொழியில் அவர் வாழ்நாளில் வெளிவந்த கவிதை நூல் ஒன்றே. மறைவிற்குப்பின் ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கான தாள்கள் கிடைத்தன. பல பெயர்களில், பல ஆளுமைகளில் அவர் எழுதியவை அவை. பொன்முலாம் பூசுவோர் தெருவில் கணக்கெழுதும் பெர்னார்தோ சுவாரஸ் அவர்களுள் ஒருவர்.

அத்தாள்களிடையே, இங்கே நினைக்கத்தக்க ஒரு பொருளும் இருந்தது. லிஸ்பனுக்கு வரும் பயணி எவற்றைக் காண வேண்டும் என்று ஆங்கிலத்தில் பெசோவா தட்டச்சு செய்து வைத்த வழிகாட்டி நூல் அது. 1920களில் எழுதப்பெற்றது, 1992இல்தான் அச்சேறியது. கற்பனைப் பயணியை மோட்டார் வண்டியில் ஏற்றி நகரைச் சுற்றிக் காட்டுகிறார் பெசோவா. அந்நூலைப் புரட்டுவோர் வியப்படைவர். தன்னைப் பல பேராகப் பிரித்து மனத்தின் ஆழங்களை எழுதிய கவிஞர், இதில் சிலையின் உயரத்தையும் அருங்காட்சியகத்தின் அறைகளையும் ஒழுங்காகச் சொல்லிச் செல்கிறார். தன் நாட்டை உலகம் அறியவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. அந்த ஏக்கத்தால், தனக்கு மிக நெருங்கிய தெருக்களின் தனிமையை விட்டுவிட்டு, பெருமைக்குரியவற்றை மட்டும் அடுக்கினார். கவிஞரே வழிகாட்டியாகும்போதும் விடுபடுவன உண்டு. விடுபட்டவை அவருடைய கவிதையில் இருந்தன.

ஆற்றங்கரையில்

கைஷ் தொ சொத்ரேயிலிருந்து பெலேம் வரை, தேஜுவின் கரையோடு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை செல்கிறது. மேடு முடிந்தது; சமதரை. இங்கே வண்டி எளிதில் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், மோட்டார் ஓய்ந்துவிடும், காற்றின் ஒலி மட்டும் கேட்கும். இந்தப் பாதை 2009இல் அமைக்கப்பெற்றபோது, அதன் தரையில் பெரிய வெள்ளெழுத்துகளில் ஒரு கவிதையை எழுதினார்கள். பெசோவா, அல்பெர்த்தோ கயேரோ என்னும் பெயரில் பாடிய கவிதை. புகழ்பெற்ற தேஜுவையும், பெயரறியாத ஒரு சிற்றூர் ஆற்றையும் அது அருகருகே வைத்துப் பார்க்கிறது. பெரிய ஆறு கப்பல்களையும் உலகத்தையும் நினைவூட்டுகிறது. சிற்றாறு தன்னையன்றி எதையும் நினைவூட்டாமல் ஓடுகிறது.

வண்டியின் சக்கரம் அந்த எழுத்துகளின்மேல் உருண்டு போகிறது. வேகமாகப் போகிறவனுக்கு அவை கோடுகள். இறங்கி நடப்பவனுக்குக் கவிதை. மேட்டில் பேருதவி செய்த மின்னாற்றல் இங்கே பயன்படாது. கவிதையைப் படிக்கும் வேகம் கால்நடையின் வேகம்தான்.

ஆற்றைக் கடந்து உயர்ந்து நிற்கிறது செம்பாலம். 1966இல் திறக்கப்பெற்றபோது அதற்குக் கொடுங்கோலன் சலசாரின் பெயர். 1974க்குப்பின் ‘ஏப்ரல் 25 பாலம்’. பாலத்தின் அடியில் புகுந்து சென்றால் பெலேம். வாஸ்கோ த காமா 1497 ஜூலை 8ஆம் நாள் கப்பலேறிய கரை அது. அங்கே மூன்று கட்டடங்கள் பயணியை எதிர்கொள்கின்றன: பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆற்றுக்குள் எழுப்பிய கோபுரம், அதே காலத்து ஜெரோனிமோஸ் மடம், 1960இல் கல்லில் கட்டிய கடலோடிகள் நினைவுச்சின்னம்.

மடத்தின் கல் நுணுக்கத்தைக் கண்டு வியவாதார் இல்லை. கயிறும் முடிச்சும் கடற்செடியும் கல்லில் படர்ந்திருக்கின்றன. அந்தக் கல்லுக்கு விலை கொடுத்தது கீழைநாட்டு மிளகு. அவ்வணிகத்தின் வருவாயில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மடத்துக்குப் போயிற்று. கடல்வழி வந்த குதிரையையும் நிலவழி வந்த மிளகையும் புகாரின் துறையில் கண்டு பாடியது பட்டினப்பாலை. அதே மிளகு இன்னொரு துறையில் மடமாக எழுந்து நிற்கிறது. உள்ளே வாஸ்கோ த காமாவுக்கு ஒரு கல்லறை. எதிரே, அவன் பயணத்தைக் காவியமாக்கி 1572இல் வெளியிட்ட கமோயிஸுக்கு ஒரு கல்லறை. கமோயிஸின் எலும்புகள் என்று கருதப்பட்டவை 1880இல் அங்கே வைக்கப்பெற்றன. அவை அவருடையனவா என்ற ஐயம் தீரவில்லை. 1985 முதல் பெசோவாவும் அம்மடத்தில்தான் துயில்கிறார்.

கப்பலின் முனைபோல் எழும் நினைவுச்சின்னத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள் வரிசையாக ஏறுகின்றன. இளவரசன் என்றிக்கு, மாலுமிகள், படைத்தலைவர்கள், கமோயிஸ், முத்துக்குளித்துறைக் கரையில் சமயப்பணி செய்த சவேரியார் ஆகியோர் இருக்கிறார்கள். ஒரே ஒரு பெண் இருக்கிறார். கப்பலின் அடித்தளத்தில் கட்டுண்டு வந்தவர் எவரும் இல்லை. 1551ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று, லிஸ்பன் மக்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் என்றும், அவர்களுள் பத்தில் ஒருவர் அடிமை என்றும் சொல்கிறது. அந்தப் பத்தில் ஒருவருக்கு அக்கல்லில் இடமில்லை.

நிற்காத நிறுத்தம்

நகர்வலம் இங்கே நிறைவுபெறுகிறது. 1837 முதல் புகழ்பெற்று விளங்கும் பாலாடைப் பணியாரத்தை உண்டு, பயணியர் வண்டிகளைத் திருப்புகிறார்கள். அவர்கள் கடந்து செல்லும் ஜெரோனிமோஸ் மடத்தின் மேற்குச் சிறகில் ஒரு வாயில் உண்டு. அது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். 2022இல் சீரமைப்புக்காக அதன் கதவுகள் மூடப்பெற்றன. மூடுமுன்னும் மிதிவண்டிக் கூட்டம் அவ்வாயிலில் பெரிதும் நின்றதில்லை.

தமிழர் நின்றிருக்க வேண்டிய வாயில் அது. 1554 பிப்ரவரி 11ஆம் நாள், இதே லிஸ்பனில், மன்னன் மூன்றாம் ஜொவாவின் ஆணைப்படி, ஜெர்மாவ் கல்யார்தின் அச்சகத்தில் ஒரு சிறுநூல் அச்சாயிற்று. ‘கார்டிலா’ என்று தமிழ் அச்சு வரலாற்றில் வழங்கும் கிறித்துவச் செபநூல் அது. தமிழ் வாசகங்கள் உரோமன் எழுத்தில். அவற்றோடு போர்த்துகீசியப் பொருள். இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறியது தமிழ் என்ற பெருமைக்கு இதுவே சான்று. தமிழ் தன் சொந்த எழுத்தில் அச்சாவதற்கு 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ வரை இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தது. கார்டிலாவின் படி அந்த அருங்காட்சியகத்தின் உடைமை. 1970இல் அதுவே நகற்பதிப்பும் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1950களில், தனிநாயக அடிகளார் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழின் வழியாக இந்நூலைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார்.

ஆயினும் இந்தப் பெருமையோடு நின்றுவிடுவது, பெசோவாவின் வழிகாட்டி நூல் செய்த பிழையைத் திரும்பச் செய்வதாகும். அந்நூலை ஆக்கியோர் தமிழர் மூவர். அவர்கள் பெயர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா த குரூஸ். இவை ஞானத்தானத்தில் பெற்ற பெயர்கள். தாய் அழைத்த பெயர்களை நூல் சொல்லவில்லை. ஒரு பிரான்சிஸ்கன் துறவியின் மேற்பார்வையில், அரசனின் ஆணைக்கேற்ப, தம் மொழியை அயல் எழுத்தில் பெயர்த்தெழுதினர் அவர்கள். தமிழின் முதல் அச்சு நூல் தமிழ் எழுத்தின்றி, தமிழ்ப் பெயரின்றி, தமிழ் நிலத்திற்குப் பல்லாயிரம் கல் தொலைவில் பிறந்தது. அதை ஆக்கிய கைகளோ பத்தில் ஒருவர் அடிமையாக வாழ்ந்த நகரில், குளிர்கால ஆற்றுக் காற்றில் வேலை செய்தன. ழகரத்தை எந்த எழுத்தால் குறிப்பது, றகரத்தையும் ரகரத்தையும் எவ்வாறு பிரிப்பது என்ற இடர்ப்பாட்டை முதலில் அச்சகத்தில் எதிர்கொண்டவர்களும் அவர்களே. மொழியை வேற்றெழுத்தில் எழுதிப் பார்த்த எவரும் அந்த இடர்ப்பாட்டை அறிவர்.

லிஸ்பன் வழிகாட்டிகளை இதற்காகக் குறைசொல்வதற்கில்லை. அவர்கள் தம் நகரின் நூலுக்குத் தமக்குத் தெரிந்த உரையைச் சொல்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் மின்கலத்தின் அளவுக்கும் பயணியின் பொறுமைக்கும் உட்பட்டுச் சொல்கிறார்கள். ஆற்றுப்படுத்துவோன் தான் சென்று கண்ட வழியைத்தான் சொல்ல முடியும். அந்த வாயிலுக்குச் சென்று மீண்டவர்கள் சொன்னால்தான் அடுத்தவர் நிற்பர். தனிநாயக அடிகளார் சென்றார், கண்டார், வந்து சொன்னார். பாணன் செய்த வேலையை அவர் செய்தார்.

இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டுகள் கூடியிருந்து கவிதை படிப்பதன் பயனும் இதுவாகவே இருத்தல் வேண்டும். கூட்டத்தில் படிக்கப்பெறும் ஒவ்வொரு நல்ல கவிதையும், எவரும் வண்டியை நிறுத்தாத ஓரிடத்தில் நின்று பார்த்தவர் எழுதியதாகவே இருக்கிறது. கவிஞர்கள் தத்தம் ஊரில், தத்தம் தெருவில், எந்த வாயிலைக் கடந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க இந்தப் பத்தாம் ஆண்டு நல்ல வேளை. லிஸ்பனுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் குன்றேற மின்வண்டியின் துணையைத் தயங்காமல் கொள்ளலாம். வழிகாட்டியின் சொல்லையும் நன்றியோடு கேட்கலாம். ஆற்றங்கரைக்கு வந்ததும் இறங்கி, தரையில் எழுதிய கவிதையோடு நடந்து, மடத்தின் மேற்கு வாயில் வரை செல்க. கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், அங்கே சற்றே நின்று, பெயர் இழந்த அந்த மூவரையும் நினைக்க. கூட வந்த வழிகாட்டிக்கும் அவர்களைப் பற்றிச் சொல்க. அடுத்த கூட்டத்தோடு வரும்போது அவர் அங்கே வண்டியை நிறுத்தக்கூடும்.

பத்தாண்டு கண்ட வட்டம் பல்லாண்டு வளர்க.